கையை ஆட்டினால்தான் ஆள்

சித்திரை வெயில் திண்டிவனத்தை வறுத்துக்கொண்டிருந்த ஓர் உச்சிப்பொழுதில், தாண்டவராயன் தன் ஜவுளிக்கடை வாசலில் காரை விட்டு இறங்கினார். கண்ணாடிக் கதவு தானாக விலகி வழிவிட்டது. உள்ளே அடித்த குளிர் இருக்கிறதே, அது லேசுப்பட்ட குளிர் இல்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த பெருமுக்கல் சம்பந்தியம்மாக்கள், எடுத்த சேலையையே போர்த்திக்கொண்டு பில் போட நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் மூளை. கூரையெங்கும் பொத்தான் போல வெள்ளைக் கண்கள். ஆள் அசைந்தால் அங்கே ஏசி ஓடும். அசைவு நின்றால் ‘ஆள் இல்லை’ என்று தானே முடிவுகட்டி ஏசியை நிறுத்தும். பட்டு இருக்கும் அறை என்றால் கதவையும் பூட்டிவிடும். எல்லாம் தாண்டவராயனின் செல்போனில் தெரியும். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் தெரியாது. கடையில் எந்த மூலை எத்தனை டிகிரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கம்ப்யூட்டர் முன்னால் ஏசி மெக்கானிக் கோபி வெளிறிப்போய் நின்றான்.

"சார், மூணாவது மாடி... மறுபடியும் ஓடுதுங்க."

திரையில் ஃபால்ஸ் தைக்கும் அறை நீலமாக ஒளிர்ந்தது. இருபத்திரண்டு டிகிரி. ஆள்: ஒன்று.

அந்த அறையில் ஆள் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

போன சித்திரை வரை அங்கே சவுரியம்மாள் பட்டுச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தாள். மடியில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை, கையில் ஊசி. ஊசி பிடித்த விரல் அசைவது கூரைக் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? ஏசி நின்றுவிடும். உடனே அவள் கையை உயரத் தூக்கி, ஓடுகிற பஸ்ஸை மறிப்பதுபோல ஆட்டுவாள். "கைய ஆட்டுனாதான்டி நம்ம ஆளு" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருத்திக்கு ஓர் ஏசியா என்று தாண்டவராயனுக்கு வயிறு எரிந்தது. "அந்தக் கண்ண செவுத்துப் பக்கமா திருப்பி வுட்றா" என்றார். கோபியும் திருப்பினான். அறைக்கு மேலே வெறும் தகரக் கூரை. மறுநாள் ஏசி நின்றது, கதவு பூட்டிக்கொண்டது. வேலைக்கு வரும் பெண்களின் செல்போனைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கடை அது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது, சவுரியம்மாள் ஒரு கையைத் தூக்கியபடியே விறைத்துக் கிடந்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் தாண்டவராயன் செல்போனை நீட்டினார். "பாருங்க, ஆள் இல்லன்னு சிஸ்டமே சொல்லுது. திருட்டுத்தனமா பூந்து மாட்டிக்கினா, அதுக்கு நான் இன்னா பண்றது?"

செத்தவளுக்குத் திருடிப் பட்டமும் கிடைத்தது.

"அந்தக் கண்ணப் புடுங்கிப் போட வேண்டியதுதானடா?" என்று இப்போது சீறினார்.

கோபி மேசை இழுப்பறையைத் திறந்தான். வெள்ளைப் பொத்தான் உள்ளே கிடந்தது. "போன வாரமே புடுங்கிட்டேன் சார்."

சேலைப் பிரிவு இளவரசி கையைப் பிசைந்தாள். "மொதலாளி, மேல போவாதீங்க. அக்கா..."

"இன்னாடி அக்கா? அடுத்த வாரம் விழுப்புரத்துல புதுக்கடை தெறக்கிறேன். இந்தப் பேச்சு அங்க பரவுச்சுன்னா எவ வேலைக்கு வருவா? நானே அந்த நாற்காலில ஒக்காந்துட்டு வரேன். எல்லாரும் பாத்துக்குங்க!"

ஏறினார்.

அறை ஜில்லென்று இருந்தது. தையல் மிஷின் எண்ணெய் வாசனை. அதோடு, அப்போதுதான் வறுத்ததுபோல மல்லாட்டை வாசனை. மீசையை முறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏசி நின்றது.

க்ளிக். கதவு பூட்டிக்கொண்டது.

செல்போனை எடுத்தார். திரையில், ‘ஆள் இல்லை.’ கோபியைக் கூப்பிட விரலை வைத்தார். திரை அசையவில்லை. தேய்த்தார், தட்டினார், நகத்தால் கீறினார். அந்த விரல் அங்கே இருப்பதாகவே செல்போனுக்குத் தெரியவில்லை.

தகரம் படபடவென்று வெடித்தது. கேப்பைக் களி கிளறலாம் போல அறை கொதித்தது. கதவை ஓங்கி ஓங்கிக் குத்தினார். வெளியே படிக்கட்டில் காலடிச் சத்தம். அப்பாடா!

"ஐயோ, அக்கா கதவத் தட்றாங்கடி!"

"மொதலாளி எங்கடி?"

"அவரு எப்பவோ எறங்கிட்டாரு போல. ஆள் இல்லன்னு கீழ காட்டுதே! ஜல்தி வாடி!"

காலடிகள் தடதடவென்று இறங்கி ஓடின.

"நான்தான்டீ!" என்று கத்தினார். வறண்ட தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

பின்னால், மல்லாட்டைத் தோல் உடைபடும் சத்தம்.

திரும்பவில்லை அவர்.

காதோரம் ஒரு குரல், வெகு மரியாதையாக: "கைய ஆட்டுங்க மொதலாளி. ஆட்டுனாதான் ஆளு."

ஆட்டினார். பொழுது சாயும்வரை ஆட்டினார்.

பிறகு கதவு தானாகத் திறந்தது. மேலே ஏறியது பூசணிக்காய். இறங்கியது சுண்டைக்காய் வற்றல். நடந்ததை யாரிடமும் அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு எந்தத் தானியங்கிக் கதவும் திறப்பதில்லை. ஓட்டலில் கையை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய், அவர் கைக்கு மட்டும் ஒரு சொட்டுக்கூட விடுவதில்லை. எங்கே போனாலும் டிரைவரை முன்னால் விட்டு அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு நுழைந்தார்.

விழுப்புரம் திறப்பு விழாவில் அது முடியுமா? முதலாளிதானே முதலில் வலதுகால் வைக்க வேண்டும்? சொந்தபந்தமெல்லாம் படிக்குக் கீழே மரியாதையாக ஒதுங்கி நின்றது. உள்ளே இளவரசியும் புதுப் பெண்களும் சந்தனத் தட்டோடு வரிசை கட்டியிருந்தார்கள். நாதஸ்வரம் காதைப் பிளந்தது. ரிப்பனை வெட்டினார். கதவின் முன் நின்றார்.

கதவு திறக்கவில்லை.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கையைத் தூக்கி ஆட்டினார்.

உள்ளே இருந்த புதுப் பெண்கள், முதலாளி தங்களுக்குத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்துப் பூரித்துப்போய்த் திருப்பிக் கையாட்டினார்கள். இளவரசி மட்டும் தட்டைக் கீழே வைத்தாள்.

அவர் தோளை உரசிக்கொண்டு வறுத்த மல்லாட்டை வாசனை முன்னால் போனது.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலகியது. அவர் காலைத் தூக்குவதற்குள் மூக்கின்மேல் மூடிக்கொண்டது.

உள்ளே புதுக் கம்ப்யூட்டரின் முன் இருந்த கோபி, திரையைப் பார்த்து எழுந்து நின்றான்.

வாசல்: ஆள் இல்லை.

மூன்றாம் மாடி: இருபத்திரண்டு டிகிரி. ஆள்: ஒன்று.

போன வருஷத்துச் சம்பவத்துக்குப் பிறகு, இரண்டே மாடியோடு நிறுத்திவிடச் சொல்லித்தான் தாண்டவராயன் அந்தக் கட்டடத்தைக் கட்டியிருந்தார்.