உள்ளே இருந்த ஆவுடையப்பன்

"போன சனிக்கிழமை நான் இடுப்புல துண்டோட வாசல்ல நிக்கேன். அதே நேரம் வீட்டுக்குள்ளயும் நான்தான் இருக்கேன். ரெண்டு பேருல உள்ள இருந்தவன்தான் கெட்டிக்காரன், கேட்டீளா!"

ஆவுடையப்பன் இப்படி முழங்கியதும் பாளையங்கோட்டை ஓய்வூதியர் மன்றத்தில் வடை கடித்த வாய்கள் அப்படியே நின்றன.

"புளுகு," என்றார் ஞானமுத்து. அடுத்த வீட்டுக்காரர், ரிட்டையர்டு சர்வேயர். நிலத்தை அளந்த பழக்கத்தில் நண்பரின் பேச்சையும் அளந்து பாதிக்கு மேல் புறம்போக்கு என்று தள்ளிவிடுவார்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா ஆவுடையப்பன்? மின்வாரியத்தில் இருந்த காலத்தில் இடியையே ஃபியூஸைப் பிடுங்கி நிறுத்தியதாகச் சொன்னவர்.

அவர் வீட்டில் எல்லாம் 'ஏகம்' கம்பெனிச் சாமான்தான். மூக்குக்கண்ணாடி, காதுமாட்டி, நாடி பார்க்கும் கைவளை, வழி சொல்லும் செருப்பு, வழுக்கினால் தாங்கும் கைத்தடி, பல்செட், வாசல் கதவு வரைக்கும். கூட்டுக்குடும்பம் மாதிரி ஒன்றுக்குத் தெரிந்தது எல்லாவற்றுக்கும் தெரியும். ஒன்று விட்டதை இன்னொன்று பூசி மெழுகிவிடும். சாவி வேண்டாம், முகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். சாமானெல்லாம் சேர்ந்து எங்கே இருக்கின்றனவோ அங்கே ஆவுடையப்பன் இருக்கிறார் என்று அர்த்தம். கம்பெனி இதற்குக் 'கூடிருப்பு' என்று பெயர் வைத்திருந்தது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உடம்பில் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது என்று பல்செட் வரைக்கும் கழற்றிச் சாய்வு நாற்காலியில் குவித்தார். அப்புறம் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். அன்று அவர் மேல் ஊற்றிய எண்ணெயில் ஜில்லாவுக்கே அப்பளம் பொரிக்கலாம். வெயிலில் கொஞ்சம் ஊறட்டும் என்று வாசலில் கால் வைத்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"திற," என்றார். பல்லில்லாத வாயிலிருந்து முக்கால்வாசி காற்றுதான் வந்தது.

"ஐயா உள்ளே ஓய்வில் இருக்கிறார். தாங்கள் யார்?" என்றது கதவு.

"நான்தாம்லே ஒன் ஐயா!"

"உடல் முழுக்க எண்ணெய். இடுப்பில் துண்டு. பிடித்தால் வழுக்கும். திருடர் லட்சணம் அத்தனையும் பொருந்துகிறது."

பன்னிரண்டு மணிக்கு உயிர்ச்சான்று. அன்றுதான் கடைசி நாள். திரையில் வரும் அதிகாரியிடம் தான் உயிரோடு இருப்பதைக் காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். திறந்துவிட ஆளில்லை. மனைவி கோமதி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஓடிப்போய் ஜன்னலில் முகத்தை வைத்தார். உள்ளே திரை ஒளிர்ந்துவிட்டது.

"ஆவுடையப்பன் ஐயா, சுகமா?" என்றார் அதிகாரி அம்மா.

நாற்காலியில் பல்செட் கடகடத்தது. வருஷக்கணக்கில் அவர் பேச்சை மென்ற பல் ஆயிற்றே, குரல் அச்சு அசல். "பரம சுகம்மா!" கண்ணாடி அவருடைய பழைய சிரிப்பு ஒன்றைத் தேடி எடுத்துத் திரையில் ஒட்டியது. கைவளைக்கு நாடி கிடைக்கவில்லை; கைத்தடி தன்னிடமிருந்த போன வாரத்து நாடியைக் கைமாற்றாகக் கொடுத்தது.

ஆவுடையப்பன் ஜன்னலை உடைக்கிற மாதிரி தட்டினார்.

"யாரோ சத்தம் போடுறாங்களே ஐயா?"

"யாரோ வழிப்போக்கன்மா. பாவம், பசி போல."

'உயிரோடு இருக்கிறார், சென்ற ஆண்டைவிடத் தெம்பாக' என்று பதிந்துகொண்டு அதிகாரி மறைந்தார். பென்ஷன் பிழைத்துவிட்டது. ஜன்னலில் நின்ற பென்ஷன்காரர் தட்டுவதை நிறுத்தினார். இனி அவர் உள்ளே போகாவிட்டாலும் ஆவுடையப்பனுக்கு ஒரு குறையும் வராது போலிருக்கிறதே!

அடுத்த வீட்டுக்கு ஓடினார். "வே ஞானமுத்து! விருந்தாளின்னா உம்மைக் கதவு விட்ரும். உள்ள போயி அந்தச் செருப்புல ஒத்தையை மட்டும் எடுத்துட்டு வாரும். ஒண்ணு கொறஞ்சாப் போதும், உள்ள இருக்க நான் கலைஞ்சிருவேன்!"

விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே ஞானமுத்து போனார். கதவு திறந்தது, மூடியது.

வெயில் ஏறியது. எண்ணெய் கொதித்தது. காகம் ஒன்று வடகம்தான் காய்கிறதோ என்று அவர் வழுக்கையில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனது. வாசல் நிழல் கிழக்கே சாய்ந்த பிறகுதான் ஞானமுத்து ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தார். "ஐயா பாதி வெளியே இருக்கிறார்" என்று கதவு குழம்பிப்போய்த் திறந்தபடியே நின்றது. மீதி ஐயா பாய்ந்து உள்ளே போனார்.

கதை முடிவதற்குள் மன்றத்தில் பாதிப் பேர் 'ஏகம்' எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சுத்தப் புளுகு," என்றார் ஞானமுத்து மறுபடியும். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

தபாலாபீஸில் ஓய்வு பெற்ற லூர்து மேரி கையை உயர்த்தினார். "எல்லாம் சரி அண்ணாச்சி. ஒத்தச் செருப்பை எடுக்க ஒரு மத்தியானமா? அங்கதான் ஒங்க கதை நொண்டுது."

அது ஆவுடையப்பனுக்கே தெரியாது. ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். ஞானமுத்து வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்தது நெசந்தான்," என்றார் ஞானமுத்து. "செருப்பை எடுக்கத்தான் குனிஞ்சேன். நாக்காலியில இருந்த பல்செட்டு 'உக்காரும் வே'ன்னுச்சு. சரி, ரெண்டு வார்த்தைதானேன்னு உக்காந்து, நான் களக்காட்டு மலையை அளக்கப் போன கதையை ஆரம்பிச்சேன். இத்தனை வருசத்துல இவரு அதைப் பாதி தாண்ட விட்டதில்ல. அது கடைசி வரைக்கும் கேட்டுச்சு. கேட்டுட்டு, 'அப்புறம்?'னுச்சு வே."