ஒன்பது அடி ஆழம்

ட்ரிங்... ட்ரிங்...!

கம்ப்யூட்டர் அறையின் டெலிபோன் அலறியது.

புரோகிராமர் எடுத்தான். கேட்டான். வைக்க மறந்தான்.

பாலம் வெடித்துவிட்டது. பதினோரு பேர் காலி. கடைசிப் பெயர்... அவன் தம்பி!

அழ நேரமில்லை. மேஜர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். பின்னால், விலங்கு மாட்டிய கைகளோடு ஆற்றை அளந்த வயதான சர்வேயர்.

நிஜச் சண்டைக்கு முன்னால் அந்த அறையின் கம்ப்யூட்டரில் ஒரு பொய்ச் சண்டை நடக்கும். அது கைகாட்டிய வழியில்தான் பட்டாளம் போகும்.

"ஆத்துல ஒன்பது அடி தண்ணின்னு சொல்லிச்சு உன் கம்ப்யூட்டர். அதான் பாலத்து வழியா அனுப்பினேன். இப்ப அளந்தா நாலே அடி! இந்தக் கிழம் எதிரிகிட்ட விலை போயிருக்கு!"

"ஐயா, நாலுன்னுதான் எழுதிக் குடுத்தேன். ஒன்பது அடின்னா நான் திரும்பியே வந்திருக்க மாட்டேன்... எனக்கு நீச்சல் தெரியாதுங்க!"

"தூக்குல தொங்கும்போது சொல்லு!"

"அவரை விட்டுடுங்க சார்..." புரோகிராமர் குறுக்கே வந்தான். "நாலை ஒன்பதாக்கினது நான்தான்."

"என்னது...!"

"ஆத்து வழின்னுதான் முதல்ல சொல்லிச்சு. ஏழு பேர் சாவாங்கன்னு காட்டிச்சு. ஆத்து டீம்ல என் தம்பி சார்! ஆழத்தைக் கூட்டினேன். பாலம்னு மாத்திடுச்சு. அங்க கண்ணிவெடி இருக்கறது அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சர்வேயர் முனகினார். "பாலத்துல போனவங்களும் யாருக்காவது தம்பிதானே, தம்பி?"

புரோகிராமர் மேஜரிடம் திரும்பினான்.

"வழி அடைபட்ட டீம் கரையிலேயே நிக்கும் சார். அப்படித்தான் புரோகிராம் எழுதியிருக்கேன். அவன் எப்படி சார் பாலத்துக்குப் போனான்?"

மேஜர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆத்து டீமுக்கு வேலை இல்லாமப் போச்சு. பாலத்துக்குச் சேர்த்து அனுப்பிட்டேன்... பட்டாளத்துல எவனைடா சும்மா நிக்க விட்டிருக்கோம்?"

சர்வேயரின் விலங்கு கழன்றது. புரோகிராமர் தானாகவே கைகளை நீட்டினான்.

"கல்யாணத்துக்கு லீவு கேட்டான் உன் தம்பி. மூணு தடவை. நான்தான் தரல." மேஜர் முணுமுணுத்தபடி கம்ப்யூட்டரை அணைக்கப் போனார்.

திரையில், ஆற்றங்கரையில், தம்பியின் பதினேழாம் நம்பர் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"தொடாதீங்க சார்! அங்கயாவது அவன் சும்மா நிக்கட்டும்..."

மேஜர் கையை எடுத்துக்கொண்டார்.

நான்காவது தடவை லீவு சாங்ஷன் ஆயிற்று!