ஒன்பதாம் நாள் ஈரம்

வலது கையின் கடைசி மூன்று விரல்களும் மறுபடி வலித்தன. கட்டிங் மெஷினைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போகும் பழைய வலி அல்ல. யாரோ பல்லிடுக்கில் வைத்து மெல்ல அழுத்துவது போன்ற வலி. பலவேசம் கையை உதறிவிட்டு, குளியலறைத் தரையில் குந்தி, ரப்பர் சுத்தியலால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தான். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் அடங்கிக் கேட்கும். ஜன்னலோரம் ஒன்று மட்டும் காலிக் குடம் போல ஒலித்தது. நேற்று அது சரியாகத்தான் இருந்தது.

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் கட்டிக்கொண்டிருந்த லாட்ஜின் மூன்றாம் மாடி. மணி நான்குதான், ஆனால் கண்ணாடி போடாத ஜன்னல் வழியே சாரல் அடித்து, மலை மறைந்து, அறை இருண்டு கிடந்தது. ஈரச் சிமெண்டு வாடைக்குள் துருப்பிடித்த ஆணியைப் போல இன்னொரு வாடையும்.

"அண்ணாச்சி."

வாசலில் மசூது நின்றான். கூட வேலை பார்த்த பரீதின் அண்ணன். வடகரையிலிருந்து பைக்கில் நனைந்தே வந்திருந்தான்.

"நாளைக்கு லேபர் ஆபீஸ்ல விசாரணை. கட்டிங் மெஷின் சுவிட்சுல டியூப்பைக் கெட்டுனது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கான்ட்ராக்டர், பரீதேதான் கெட்டுனான்னு சொல்லுதாரு."

"எனக்கென்னலே தெரியும்? நான் கீழ மணல் சலிச்சிட்டு நின்னேன்."

"இருபது வருசம் கொத்தனாரு, அன்னைக்கு மட்டும் மணல் சலிச்சீங்களாக்கும்." மசூது சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற வயசுல அவனுக்கு உம்மா சோறு ஊட்டுதா. இல்லாத விரலு அரிக்குதுங்கான். எங்கன சொறிஞ்சு விட?"

"மழை வலுக்குது. நீ கெளம்பு."

மசூது படியிறங்கினான். கீழே நனைந்த பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது.

டியூப்பைக் கட்டியது பலவேசம்தான். மெஷின் சுவிட்சை அழுத்தியபடியே இருந்தால் விரல் செத்துப்போகும் என்று, சைக்கிள் டியூப்பை வெட்டி அதன்மேல் இறுக்கிச் சுற்றிவிடுவது அவர்கள் வழக்கம். அன்று கரண்டு போனதும் மெஷினை அப்படியே தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். ஓரமாக வைக்கலாமென்று பரீது அதைத் தூக்கிய நேரம் கரண்டு வந்தது. அவன் வலது கையின் கடைசி மூன்று விரல்களும் அறுந்து கலவைக் குவியலில் விழுந்தன. தேடினார்கள், கிடைக்கவில்லை.

பரீதைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்ட பிறகு, கான்ட்ராக்டர் இசக்கிப்பாண்டி டியூப்பை அறுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "கலவை இறுகிரும்லே, இழுத்துப் போட்டு முடி. வாயத் தொறந்தேன்னா ஒருத்தன்ட்டயும் உனக்கு வேலை கெடைக்காது."

பலவேசம் அதே கலவையைப் போட்டு இந்தக் குளியலறைத் தரையை முடித்தான். கரண்டியில் எது இடறினாலும் கல் என்று நினைத்துக்கொண்டு.

இப்போது அந்த டைல்ஸை மறுபடி தட்டினான். ஒரு தட்டு.

அடியிலிருந்து மூன்று.

கை நின்றது. கீழே மசூது பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து டைல்ஸிலிருந்து மூன்று. கதவோரம் மூன்று. பிறகு அவன் குந்தியிருந்த இடத்தில், பாதத்துக்கு நேர் கீழே.

உளியை விளிம்பில் கொடுத்து நெம்பினான். உடைந்து வரவேண்டியது தோல் போல உரிந்து வந்தது. ஒன்பது நாள் ஆன கலவை, இப்போதுதான் குழைத்தது போல் ஈரம். வெதுவெதுப்பு. நடுவே மூன்று குழிகள். விரல் நுழையும் அளவு.

மூட வேண்டும். யாரும் பார்ப்பதற்குள். வெறுங்கையாலேயே கலவையை வழித்தான். கை வழுக்கியது. வலித்த மூன்று விரல்களும் குழிகளுக்குள் இறங்கின.

இழுத்தான். வரவில்லை.

உள்ளே, மூன்று விரல்கள் அவன் விரல்களைக் கோத்துப் பிடித்தன.

கூப்பிட்டால் மசூதுக்குக் கேட்கும். கேட்டால் மேலே வருவான். வந்தால் இதைப் பார்ப்பான். பலவேசம் பல்லைக் கடித்தான். கலவை மணிக்கட்டைச் சுற்றி ஏறியது. ஏறிய இடமெல்லாம் இறுகியது.

கீழே பைக் கிளம்பியது. சத்தம் தேய்ந்தது. சாரல் மட்டும்.

பிடி இன்னும் ஒரு கணு உள்ளே இழுத்தது.

டியூப்பைக் கட்டியது நான்தான் என்ற ஒரு வார்த்தை. பரீதுக்கு அது இன்னும் பாக்கி.