அமாவாசையின் மீசையில் ஒரு இறகு

காலை ஆறரை மணி. மொட்டை மாடியிலிருந்து ஃபிரெடி போட்ட கூச்சலில் அஸ்தினாபுரத்தின் அந்தத் தெருவே விழித்துக்கொண்டது. பூட்டிய கூண்டுக்குள் காடை ஒன்று செத்துக் கிடந்தது.

அவனுடைய அக்கா தபீதாள் காப்பி டம்ளரோடு படியேறினாள். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டுத்தர முந்தின நாள்தான் வந்திருந்தாள். முதல் மாடி வாசலில் தாழத் தொங்கிய சிவப்புக் காகித நட்சத்திரத்தில் தலையை இடித்துக்கொண்டாள். அங்கே வாடகைக்குக் குடியிருப்பவள் மீன் விற்கும் குப்பம்மா.

அந்தக் குப்பம்மா இப்போது மேலே, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவளுடைய கறுப்புப் பூனை அமாவாசை, கூண்டின்மேல் சுருண்டு படுத்திருந்தது. மீசையில் ஒரு காடை இறகு.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சாயங்காலம் இதைக் கோவளம் பஸ்ல ஏத்திடு குப்பம்மா. அங்க மீனுக்குப் பஞ்சமில்ல" என்றான் ஃபிரெடி.

"வஞ்சிரம் துண்ற பூன சார் அது. உன் காடைய மோந்துகூட பாக்காது." குப்பம்மாவின் குரல் சற்றே இறங்கியது. "வூட்டுக்கு வந்தா பேச்சுத் தொணைக்கு அது ஒண்ணுதான் கீது. அது போனா நானும் காலி பண்ணிக்கினு போறேன்."

தபீதாள் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். முப்பது வருடப் பழக்கம், குரல் தானாக மாறியது.

"சாவி யார்கிட்ட?"

"என் தலகாணிக்கு அடியில."

"பூட்டு?"

"போட்டது போட்டபடி."

பக்கத்திலிருந்த கூண்டின் கம்பி வலையில் அவள் விரல் நுழைந்தது. பூனையின் பாதம் நுழையாது. செத்த காடையின் கழுத்தில் பல் தடமே இல்லை. தலையும் முதுகும்தான் கொத்திக் குதறப்பட்டிருந்தன. மற்ற காடைகளுக்கும் முதுகெல்லாம் வழுக்கை. ஒரு தடியன் மட்டும் ஓர் இறகும் குறையாமல் மாப்பிள்ளை மாதிரி உலாத்திக்கொண்டிருந்தான்.

"இப்படி இறகு போறதும் காயமும் எப்ப ஆரம்பிச்சுது?"

"டிசம்பர் பொறந்ததும்."

"போன வருஷம்?"

"ஒண்ணுமே இல்லக்கா."

"நடுவுல என்னைக்காவது சும்மா இருந்துதா?"

"போன வாரம் ராத்திரி பூரா கரண்ட் இல்ல. அன்னைக்கு எதுவும் ஆகல. இருட்டுல பூனைக்குக் கண்ணு தெரியல போல."

"பூனைக்கா சார்?" என்றாள் குப்பம்மா. "அன்னைக்கும் அது இங்கதான் படுத்திருந்துச்சு. பனிக்கு காடைச் சூடு அதுக்கு இதமா கீது."

தபீதாள் அண்ணாந்து பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். கூண்டுக்கு நேர் மேலே, விடிந்தும் அணைக்காமல், ஆளுயர வெள்ளை நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

"இது எதுக்குடா இவ்வளவு வெளிச்சம்?"

"போன வருஷம் இதே எடத்துல சிவப்புக் காகித ஸ்டார் கட்டியிருந்தோம். எதிர்வீட்டு ஜீவரத்தினம் சார் பாத்துட்டு, 'ஜீரோ வாட்டா ஃபிரெடி?'ன்னு கேட்டார். அதான்."

காப்பியின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுத் தபீதாள் எழுந்தாள்.

"கொலைகாரன் கூண்டுக்குள்ளயே இருக்கான். அந்தத் தடியன் அலகைப் பாரு, ரத்தக் கறை. ஆனா அவன் வெறும் கையாள். தூண்டிவிட்டவன் மேல தொங்குறான். தொங்கவிட்டவன் இங்க பனியனோட நிக்கிறான்."

ஃபிரெடி தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"லாக்கப்புல பாத்திருக்கேன்டா. நெருக்கடியில அடைச்சு, ராத்திரி பூரா லைட்டையும் எரியவிட்டா, விடியறதுக்குள்ள கைகலப்புதான். இதுங்களும் தூங்காத எரிச்சல்ல ஒண்ணை ஒண்ணு கொத்துது. துளி ரத்தம் கண்ணுல பட்டாப் போதும், எல்லாம் அங்கயே கொத்தும். சிவப்பு வெளிச்சத்துல ரத்தம் தனியாத் தெரியாது. போன வருஷம் அதுங்க பொழச்சது அப்படித்தான். பூனை மேல ஒட்டினது பறந்து வந்த இறகு. தடியனைத் தனியா அடை. காயம்பட்டதை வேற கூண்டுல விடு. கொத்தறதுக்கு ஒரு கீரைக்கட்டைத் தொங்கவிடு."

"ஸ்டார் இல்லாம கிறிஸ்துமஸாக்கா?"

"பழசு எங்க?"

ஃபிரெடி அதைப் போன வருடமே குப்பையில் போட்டிருந்தான். அதை எடுத்துக் கிழிசலை ஒட்டி வாசலில் கட்டிக்கொண்டவள் எதிரேதான் நின்றிருந்தாள்.

"குப்பம்மாக்கா..." என்று இழுத்தான். அந்த 'அக்கா' இன்றைக்குத்தான் முதல்முறை வந்தது.

"குடுக்கறேன் சார். ஆனா மன்னிப்ப அமாவாசையாண்ட கேளு. பேரு கெட்டது அதுக்குத்தான்."

ஃபிரெடி கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டான். எதிர்வீட்டு மாடியில் ஜீவரத்தினம் சார் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அமாவாசை... சாரி."

பூனை நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது. மீசையிலிருந்த இறகு உதிர்ந்தது.

"ஒத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, நட்சத்திரத்தை அவிழ்க்கப் படியிறங்கினாள் குப்பம்மா.