சந்நிதியில் குத்திய முள்

"ஐயோ, அம்மாளாச்சி!"

தொண்ணூறாம் ஆண்டு, பங்குனி வெள்ளி. தொண்டைமானாற்றுச் சந்நிதி வாசலில் கமலாவதி போட்ட சத்தம் தவிலையும் தாண்டிக் கேட்டது. காவடி ஆடி முடித்த ஒருவனின் முதுகில் குத்தியிருந்த செடில் முட்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய முள்ளொன்று கயிற்றோடு துள்ளி வந்து, நெரிசலில் நின்ற அவள் சுட்டுவிரலில் ஏறிவிட்டது. அவன் இரத்தம் காயாத முள்!

அவன் திரும்பினான். அந்தக் கண்கள்... விரதத்தில் களைத்திருந்தும் அதற்குள் என்ன குறும்பு!

"குத்திப்போட்டுதே? திருநீறு பூசினாச் சரி. என்ரை முதுகு முழுக்க ஓட்டை, நான் அழுதனானே?"

அள்ளிய திருநீற்றை அவள் விரலில் அப்பினான். அவளுக்குக் கன்னம் சூடானது, விரல் நோவு மறந்துபோனது... பக்கத்தில் நின்றவர், "தில்லைநாதன் கப்பல்காரன் எல்லே, புயலிலை வைச்ச நேர்த்தி" என்று சொல்லும் வரை.

கப்பல்காரனா! அச்சுவேலி ரியூட்டரியில் உயிரியல் படிப்பிக்கிறவளுக்கு நெஞ்சு திக்கென்றது. பேப்பரில் வாசித்த அந்த எயிட்ஸ்... இரத்தத்தால் தொற்றுமே! ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டு விரலைக் கழுவினாள். பிறகு அவனிடமே வந்து நின்றாள்.

"நீங்கள்... எயிட்ஸ் சோதினை ஏதும் செய்தனீங்களோ?"

அவன் முகம் கறுத்தது. "கப்பலிலை போனா எல்லாரும் கெட்டவங்களோ? கோயில் வாசலிலை கேக்கிற கேள்வியே இது?"

விறுக்கென்று போய்விட்டான்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போவேனோ என்ற பயம் ஒரு பக்கம், கோபத்தில் சிவந்த அந்தக் கண்கள் மறு பக்கம். சீ, வெட்கங்கெட்ட மனசு!

திங்களன்று டொக்டர் செபநாயகத்திடம் ஓடினால்... அங்கே வாங்கில், சட்டைக் கையை மடித்துவிட்டபடி அவனே!

"உமக்காக வரேல்லை. என்ரை மானத்துக்காக வந்தனான்."

"நான் கூப்பிட்டனானே?"

"உம்மடை கேள்விதானே கூட்டிக்கொண்டு வந்தது!"

டொக்டருக்குச் சிரிப்பு. "இப்பிடிக் குத்தித் தொற்றுறது குறைவு, பிள்ளை. இவர் ஊருக்கு வந்தே அரை வருசம், கிருமி இருந்தா இப்பச் சோதினையிலை தெரிஞ்சிடும். இவரின்ரை இரத்தம் சுத்தமெண்டா உமக்குப் பயமில்லை. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிறன், மறுமொழி வரட்டும்."

அது வரும் வரை இரண்டு பேரும் அடிக்கடி அங்கே போனார்கள். மறுமொழி கேட்கத்தானாம்! கேட்க ஒரு நிமிடம், வாங்கில் இருந்து கதைக்க மத்தியானம் வரை. புயலில் கப்பல் ஆடியதைச் சொன்னவன், தான் வாந்தி எடுத்ததையும் ஒளிக்கவில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாமியறையில் அழுதாள்.

ஒருநாள் டொக்டர் வாசலுக்கே வந்தார். "ஒண்டுமில்லை! சுத்தமான இரத்தம்!"

கமலாவதி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"இனி உமக்கு ஒண்டும் வராது. பிறகேன் அழுறீர்? இன்னும் நம்பிக்கை இல்லையோ?" அவன் குரலில் பழைய ரோசம்.

"எனக்காக அழேல்லை... முதல் நாள்தான் எனக்காகப் பயந்தனான். பிறகு, உங்களுக்கு ஏதும் இருந்திட்டா எண்டுதான்... ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைச்சனான்."

புயலைக் கண்டவன் ஓர் எட்டுக் கிட்ட வந்தான்.

"கமலா... அடுத்த முறை காவடிக்குக் கயிறு பிடிக்க எனக்கொரு மச்சான் வேணும். உம்மடை அண்ணையைக் கேக்கட்டோ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணையைப் பிறகு கேக்கலாம். முதல் என்னைக் கேளுங்கோ!"

கேட்டான்.

"ஓம்" என்றாள், டொக்டருக்கும் கேட்கும்படி.