மூன்றாவது கை

டிங் என்றது கருவி. ஆனால் வீட்டில் எதுவும் மாறவில்லை.

நிர்மலா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கத்தி இடது கையில் இருந்தது. சமையலறையில் வெங்காயம் பாதி நறுக்கியபடி கிடந்தது. சத்தம் கேட்டுக் கூடத்துக்கு வந்தாளா, வந்து நின்ற பிறகு சத்தம் கேட்டதா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

கருவி டிவிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது. கைச்சாடை காட்டினால் பார்த்துக்கொள்ளும். விரலைச் சுழற்றினால் மின்விசிறி ஓடும், உள்ளங்கையை விரித்தால் விளக்கு எரியும், விரல்களை மடக்கி முட்டியாக மூடி உயர்த்தினால் எல்லாம் அணையும். சாடை புரிந்துவிட்டது என்பதற்கு ஒரு டிங். அதற்குப் பிறகு ஏதாவது நடக்க வேண்டும். வெறும் டிங் மட்டும் அவள் கேட்டது இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

இந்தச் சாடைகளெல்லாம் கம்பெனி கொடுத்தவை அல்ல. அவள் கணவர் மருதாசலத்துக்கு இருபத்திரண்டு வருடம் இயந்திரச் சத்தத்தில் நின்று காது பாதி போய்விட்டது. வீட்டிலும் கத்தித்தான் பேசுவார், பாதி நேரம் கையால்தான் பேசுவார். அதனால் பனியன் ஷெட்டில் பழகிய சாடைகளையே வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தார். சத்தத்தில் வாய் வேலை செய்யாத இடத்துக்கென்று உண்டான சாடைகள் அவை. மூடிய முட்டி என்றால் இயந்திரத்தை நிறுத்து என்று அர்த்தம். திருப்பூரில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்து காட்டினாலும் புரியும்.

மாலை ஆறு மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்கச் சுவர் வழியாக உள்ளே வந்து பாத்திரங்களை லேசாக அதிரவைக்கும் திருப்பூர் ராயபுரத்துத் தையல் மிஷின்கள் இன்று ஓடவில்லை, காலையிலிருந்து பிடித்த தூறல் விடவில்லை, சன்னல் வழியாக ஈர மண்ணோடு சாயக் கழிவின் புளித்த வாடையும் கலந்து வந்தது, அந்த வாடைக்குள் இன்னொரு வாடையும் இருந்தது, சூடான ஈரத் துணியின் வாடை, நீராவியில் நனைந்த பனியன் துணி உருளைக்குள் நுழையும்போது வருமே, அது. வீட்டில் யாரும் துணி தேய்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

மருதாசலம் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு, ஷெட்டில் நடந்த விபத்து பற்றிய விசாரணை. அதிகாரி முன்னால் நிர்மலா சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆஷா கையைத் தூக்கவில்லை.

அவர்களுடையது சின்ன காம்பாக்டிங் யூனிட். பனியன் துணியை நீராவியில் நனைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி அனுப்பும் வேலை. துணி உள்ளே போகும் முனையில் சுருக்கத்தை நீவிவிட ஆஷா நின்றாள். பத்தொன்பது வயது, நீளமான விரல்கள். சுவிட்சுப் பக்கம் மருதாசலம். வெளியே வரும் முனையில், முதுகைக் காட்டிக்கொண்டு, ரோலை எடை போட நிர்மலா. ஆஷாவின் கை உருளைகளுக்குள் போனதை அவள் பார்க்கவில்லை. திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆஷா செத்துப்போனாள். "சாடையே காட்டல நிர்மலா, காட்டியிருந்தா விட்டுருவனா?" என்று மருதாசலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை நம்பித்தான் போலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மதியம் சகாயராஜ் வந்திருந்தார். ஆஷாவின் அப்பா. சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா, நனையறீங்க."

"வேண்டாம்மா. ஒரே கேள்விதான். எம் பிள்ளை கையத் தூக்குனாளா, இல்லியா?"

"நான் திரும்பி நின்னேனுங்கண்ணா. அவங்க பாத்தாங்க. தூக்கலைன்னு சொல்றாங்க."

"அவரு சொல்லுதாரு, சரி. நீங்க என்ன சொல்லுதிய?"

நிர்மலா கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மறுபடி போட்டாள்.

"நாளைக்கு நீங்களும் தூக்கலைன்னு சொல்லிட்டா, எம் பிள்ளை தானாப் போயி கையக் குடுத்துட்டான்னு ஆயிரும். வீட்டுல கரப்பான்பூச்சி பறந்தா நாலு தெருவுக்குக் கேக்கக் கத்துவா. அவளா சும்மா நிப்பா?" சகாயராஜ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. போய்விட்டார்.

நிர்மலா கத்தியை வைத்துவிட்டு, கருவியை மாட்டிய கடைக்குப் போன் செய்தாள். சித்ராதேவிதான் எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா. மறுபடியும் ஊடே இருட்டாயிருச்சுங்களா?"

"இல்ல கண்ணு. இங்க ஒருத்தருமே சாடை காட்டல, டிங்குங்குது. ஆனா ஒண்ணும் நடக்கறதில்ல."

"பல்லி ஓடியிருக்குமுங்க. அவிநாசில ஒரு ஊட்ல பல்லி வாலை ஆட்டுனா பேன் ஓடுதுங்கக்கா. மாமியாக்காரி பல்லிய அடிக்கவே விடறதில்ல, கரண்டு போட ஆளாச்சுன்னு." சிரித்தாள். "இருங்க, பாக்கறேன். உங்க ஊட்ல மூணு கை பதிஞ்சிருக்குதுங்க."

"ரெண்டுதான?"

"மூணுங்க. அண்ணன் ஒண்ணு, நீங்க ஒண்ணு. மூணாவது விருந்தாளின்னு போட்டிருக்குது. போன மாசம் அண்ணன்தான் போன் பண்ணிக் கேட்டாங்க. ஒரு கை சாடை காட்டுனா மட்டும் ஊடு கேக்கக்கூடாது, அதுக்கு என்ன பண்றதுன்னு. அந்தக் கைக்கு மட்டும் 'ஒண்ணும் செய்யாதே'ன்னு போடச் சொல்லிக் குடுத்தேன்."

"எந்தச் சாடைக்கு?"

"முட்டிய மூடித் தூக்கறதுக்குங்க."

போன மாதம் ஒரு வாரம் அந்தியில் வீடே இருட்டானது ஞாபகம் வந்தது. வோல்டேஜ் என்றார் மருதாசலம். பிறகு அது நின்றுபோனது.

"அந்த விருந்தாளி யாரு கண்ணு?"

"அதுக்கு ஆளெல்லாம் தெரியாதுங்கக்கா. விரல் நீளத்த அளந்துதான் கைய வேற வேறயாப் பிரிக்குது. ஆனா ஒவ்வொரு தடவையும் நாலு செகண்டு வீடியோ புடிச்சு வெக்கும். அண்ணன் டேப்ல பாருங்க." கொஞ்சம் தயங்கி, "சண்டை கிண்டை போட்டுக்காதீங்க" என்றாள்.

ஒரு பெண். நிர்மலாவுக்கு முதலில் தோன்றியது அதுதான். அவள் ஷெட்டில் இருக்கும் நேரத்தில் வந்துபோகிறவள், வந்த இடத்தில் கையை உயர்த்தி வீட்டை இருட்டாக்கியவள், ஷெட்டுச் சாடைப் பழக்கம் அவளுக்கு விடவில்லை, அதனால் மருதாசலம் வீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறார், அவள் சொன்னால் கேட்காதே என்று. நெஞ்சு எரிந்தது. யாரென்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். கோபத்தில் இருந்தபோது பயம் இல்லை. அது நன்றாகக்கூட இருந்தது.

மருதாசலம் ஆர்டர் பார்க்கும் டேப்லெட் அலமாரியில் இருந்தது. விடுதியில் படிக்கும் மகளின் பிறந்த தேதிதான் பூட்டு. திறந்தது. விருந்தாளி என்று ஒரு பட்டியல். நாற்பத்தாறு வீடியோக்கள். எல்லாம் அந்தி நேரம்.

முதலாவதைத் தொட்டாள்.

இதே கூடம். நடுவில் ஒரு பெண் பக்கவாட்டில் நிற்கிறாள். பச்சை நைட்டி. வலது கை தலைக்கு மேலே நேராக, முட்டி மூடி. சோபாவில் மருதாசலம் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து அவளை நேராகப் பார்க்கிறார். பிறகு அடுத்த முறுக்கை எடுத்துக் கடிக்கிறார். நான்கு வினாடி. முடிந்தது.

பச்சை நைட்டி இப்போது நிர்மலாவின் உடம்பில் இருந்தது.

அடுத்தது. நீலப் புடவை. அவளுடையது. அடுத்தது. முகம் கருவியைப் பார்த்து இருந்தது. அவள் முகம். வாய் தாடை விலகும் அளவுக்குத் திறந்திருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, கத்துகிறாள். வீடியோவில் சத்தம் இல்லை. சோபாவிலிருந்து எழுந்த மருதாசலம், கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல அவளைச் சுற்றிக் குளியலறைக்குப் போனார்.

அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஒன்றுகூட.

விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மணிக்கட்டு வரைக்கும் அவளுடைய கை. அதே வளையல், அதே எண்ணெய் சுட்ட வடு. அதற்கு மேலே மடங்கியிருந்த விரல்கள் மெலிந்து, நீளமாக, சின்ன வயதுக்காரியின் விரல்களாக இருந்தன.

கடைசி வீடியோ இன்றைக்கு. ஆறு மணி இரண்டு நிமிடம். அவள் தனியாக நிற்கிறாள். இடது கையில் கத்தி.

வெளியே வண்டி நின்றது. மருதாசலம் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டினார், தலையைத் துவட்டினார், வாங்கி வந்த பரோட்டாப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"வக்கீல் சொல்லிட்டார். நீ ஒரே வரிதான் சொல்லோணும். வேற கேட்டா தெரியாதுன்னுரு."

நிர்மலா டேப்பை இடது கையில் நீட்டினாள்.

அவர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இது எத்தனை நாளா?"

"அது நடந்த மறு வாரத்துல இருந்து."

"தினமும் பாத்துட்டே இருந்தீங்களா? எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"சொன்னா நாளைக்கு நீ வேற மாதிரி பேசுவ." குரல் சாதாரணமாக இருந்தது. "ரெண்டு நிமிசம் நிப்ப. அப்பறம் நீயாப் போயி சோறு வடிப்ப. உனக்கு ஒண்ணும் ஆகல. எதுக்குக் கிளறோணும்னு உட்டுட்டேன்."

"அப்ப அவ கையத் தூக்குனா."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் உள்ளங்கையால் முகத்தை மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டார்.

"தூக்குனா. ஒரு கை உள்ள போயிருச்சு. இன்னொரு கையத் தூக்குனா. ரோல் முடிய நாலு மீட்டர்தான் பாக்கி. நடுவுல நிறுத்துனா துணியில குறுக்கால கோடு உழுந்துரும், உனக்கே தெரியும். மறுபடி சாயம் போட்டாக்கூட அந்தக் கோடு போவாது. மொத்த ரோலும் ரிஜெக்ட்டு. விரல்தான் மாட்டியிருக்குதுன்னு நெனச்சேன். நாலு மீட்டருக்குத் தாங்குவான்னு நெனச்சேன்."

"எங்கையப் புடிச்சு அழுதீங்களே."

"அழுகை வந்துச்சு, அழுதேன்."

பதினேழு வருடம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் சொன்னதை அவள் கையெழுத்தாக்கினாள். அவள் உடம்பு ஒன்றரை மாதம் அவருக்கு முன்னால் நின்று கதறியிருக்கிறது. அவர் முறுக்குத் தின்றிருக்கிறார்.

"நாளைக்கு நான் நெசத்தத்தான் சொல்லப் போறேனுங்க" என்றாள். சொன்னதும் உடம்பில் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. "நாலு மீட்டரையும் சேத்துச் சொல்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே, வலப்பக்கம், எதையோ பார்த்தார்.

டேப் இடது கையில் இருந்தது.

வலது கை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தாள். மேலே இருந்தது. முட்டி மூடி. அதை இறக்க முயன்றாள். இறங்கவில்லை. இந்த முறை ஞாபகம் தப்பவில்லை. எல்லாம் தெரிந்தது.

சூடு தெரிந்தது. ஈரமான சூடு.

முட்டி தானாகத் திறந்தது. நீளமான விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவற்றின் நுனியை ஏதோ பிடித்தது. அங்கே காற்றைத் தவிர எதுவும் இல்லை. உருளைக்குள் போகும் துணிபோலக் கை மெதுவாக முன்னால் இழுபட்டது. இழுபட்ட இடத்துக்கு அப்பால் நகங்கள் அகலமாயின. விரல்கள் தட்டையாயின. எலும்பு இருந்த இடம் தெரியவில்லை. இரத்தம் இல்லை. சத்தம் இல்லை. உள்ளங்கை, வெளுத்து, சுருக்கமில்லாமல், துணியாக வெளியே வந்து தொங்கியது. வளையல் மணிக்கட்டில் முறியும் வலி மட்டும் தெரிந்தது.

"ஏனுங்க" என்றாள். "ஏனுங்க." கத்தினாள். வாய் வலித்தது. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

மணிக்கட்டு போனது.

சுட்ட வடு போனது.

முழங்கை.

மருதாசலம் சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். அவர் கண்கள் அவளுடைய தோளை அளந்தன, தட்டையாகி வெளியே வந்து தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துகொண்டிருந்ததை அளந்தன, மறுபடி தோளுக்கு வந்தன. இன்னும் எவ்வளவு பாக்கி என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.