நீல மூடியும் சிவப்பு மூடியும்

மழைக்குப் பயந்து ஓடி வந்தவள், ஆய்வுக்கூட வாசலில் அவன்மேல் மோதினாள். அவன் கையிலிருந்த ஐஸ் பெட்டி கவிழ்ந்து, குட்டிக் குப்பிகள் மூடி கழன்று உருண்டன.

"ஏங்க, கண்ணு முன்னாடி இருக்கா, முதுகுல இருக்கா? கீழ்மாடியில மூளைச் செல் பாக்குற மேடத்துக்காகப் பாடுபட்டு செஞ்ச மருந்துங்க அது!"

அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அந்த மேடம் நான்தான்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான் அந்த மேல்மாடி வேதியியல்காரன். அவள் இமையில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஒரு மூளைச் செல் சொல்வது அடுத்த செல்லுக்கு நன்றாகக் கேட்கவேண்டுமானால், கைனேஸ் என்ற புரதம் கேட்கும் செல்லின் வாசலில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டவேண்டும் என்பது அவள் கட்சி. அவன் மருந்து கைனேஸைக் கட்டிப்போட்டால் பேச்சு அடங்கவேண்டும். அடங்காவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

மறுபடி மருந்து செய்து, நீல மூடி ஒன்றும் சிவப்பு மூடி ஒன்றுமாக இரண்டு குப்பிகள் கொண்டுவந்தான். "ஒண்ணுல மருந்து, ஒண்ணுல வெறும் உப்புத்தண்ணி. எது எதுன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. முடிவு வர்ற வரைக்கும் கேக்காதீங்க."

"கேட்டா சொல்லிடுவீங்களாக்கும்!"

அவன் விறுவிறுவென்று மாடியேறிவிட்டான். அதன்பிறகு மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தான். கேன்டீனில் அவள் வந்து உட்கார்ந்தால் டீயை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு திமிரா!

"உன்னக் கண்டா ஓடுறானா? விட்டுத் தள்ளுடி," என்றாள் போனில் அக்கா.

"நான் எங்கக்கா பிடிச்சேன், விடுறதுக்கு?" என்றாள். சொன்னபிறகும் கண் ஏனோ மாடிப்படிப் பக்கமே போனது.

முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி செல்லைத் தொட்டது. சிவப்பு மூடிக் குப்பியை ஊற்றினாள். திரையில் செல்லின் பேச்சைக் காட்டும் கோடுகள் சளசளவென்று துள்ளின. நீல மூடி... கோடுகள் மெல்ல மெல்லச் சுருங்கின. கழுவிவிட்டதும் மறுபடி அரட்டை! வேறு வேறு செல்களிலும் அதே கதைதான்.

மூச்சிரைக்க மாடியேறினாள். அவளைக் கண்டதும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"திரும்புங்க சார்! முடிச்சிட்டேன். நீல மூடியிலதான் மருந்து."

திரும்பினான். காதுக்குக் காது சிரிப்பு. சரியா என்று கேட்கவே தேவையில்லை.

"இதுக்குத்தாங்க ஓடினேன். என் மூஞ்சி எதையும் மறைக்காது. நீல மூடிய நீங்க தொட்டாலே இளிச்சிருப்பேன். உங்க சோதனையே கெட்டுப்போயிருக்கும்."

"அவ்வளவுதானா... ஓடினதுக்குக் காரணம்?"

அவன் முகம் சிவந்தது. "இன்னொன்னும் இருக்கு. அதுவும் மூஞ்சியில தெரிஞ்சிருமேன்னு..."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாள். "இப்ப எனக்கு மூஞ்சி தெரியாது. வாயால சொல்லுங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அன்னைக்கு மோதினப்பவே... உங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சுங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏன், கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு," என்றாள் அவள். "ஒரே தடவை வந்த முடிவை நான் நம்புறதில்ல!"